சுவரில் விழுந்த விசிறி

உருக்காலையில் பில்லட்டுகளை, அதாவது உருட்டுவதற்கு முந்தைய நீண்ட எஃகுக் கட்டைகளை, சூடேற்றும் உலை ஒன்றைக் கணினியில் கட்டிப் பார்ப்பதுதான் என்னிடம் வந்த முதல் பெரிய வேலை. பில்லட் ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸுக்குப் பழுத்த பிறகுதான் உருட்டாலைக்குப் போகும். அந்தச் சூட்டில் வாயு உரசிக் கொடுக்கும் வெப்பம் குறைவு. பெரும்பகுதி கதிர்வீச்சாகவே வந்து சேர்கிறது. கதிர்வீச்சோ வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். 1500 கெல்வினில் கரும்பரப்பு ஒன்று, அதாவது விழும் கதிரையெல்லாம் விழுங்கும் பரப்பு, சதுர மீட்டருக்குச் சுமார் 287 கிலோவாட் உமிழும்; 1600-இல் அது 372. வெப்பநிலை ஏழு சதவீதம்கூட ஏறவில்லை, உமிழ்வு ஏறக்குறைய முப்பது சதவீதம் கூடிவிடுகிறது. சின்னப் பிசகுதானே என்று எதையும் ஒதுக்க முடியாத கணக்கு.

உலையின் கூரை சாய்வானது. கணக்கிட, உலையின் உள்ளிடத்தைச் சிறு கண்ணிகளாக நறுக்கி வலையாக்க வேண்டும். எனக்கு முன்பு இதைச் செய்தவர்கள் செவ்வகக் கட்டங்களால் வலை பின்னியிருந்தார்கள், சாய்வு படிக்கட்டாகியிருந்தது. 45 டிகிரிச் சாய்வைப் படியாக வெட்டினால், எவ்வளவு பொடியாக வெட்டினாலும் பரப்பு 41 சதவீதம் கூடுதலாகவே நிற்கும். சதுர மீட்டருக்கு எவ்வளவு வெப்பம் என்று கேட்டால் எந்தப் பரப்பால் வகுப்பது? ஆகவே சாய்வோடு ஒட்டிப் படுக்கும் நான்முகிகளுக்கு, ஒழுங்கற்ற வலைக்கு, மாறினேன்.

கதிர் எல்லாத் திசையிலும் போகும். கணினிக்கோ எண்ணக்கூடிய திசைகள்தான் வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர் விண்மீன்களின் வளிமண்டலத்துக்காக வளர்த்தெடுத்த வழியும் திசைகளை எண்ணி அடக்குவதுதான். நான் கோளத்தை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நான்காக்கி, 32 கோணத் துண்டுகளில் நிறுத்திக்கொண்டேன். கண்ணிகளின் முகங்கள் கண்டபடி சாய்ந்திருப்பதால் ஒரே துண்டின் ஒரு பகுதி ஒரு முகத்தின் வழியே உள்ளே நுழையும், மீதி வெளியே வரும். 1998-இல் ஜெயதி மூர்த்தியும் சஞ்சய் மாத்தூரும் எழுதிய கட்டுரையில் இதற்கு வழி இருந்தது: அப்படிப்பட்ட துண்டை இன்னும் பொடியாக உடைத்து, வரவையும் செலவையும் தனித்தனியே எண்ண வேண்டும். எண்ணினேன். வெப்பக் கணக்கு நேரானது.

ஆனால் பக்கச் சுவரில் வெப்பம் விழுவதைக் காட்டும் படத்தில், தீ எரியும் பர்னருக்கு நேரே, மங்கலான கோடுகள் விரிந்திருந்தன. வலை பருமனாக இருப்பதால்தான் என்று முடிவுகட்டி, 3 லட்சம் கண்ணிகளை 24 லட்சமாக்கி இரவெல்லாம் ஓடவிட்டேன். காலையில் கோடுகள் கத்தி போல் தெளிவாக நின்றன.

அன்றைக்கு உலைப் பொறுப்பாளர் வேறு வேலையாக வந்திருந்தார். நீலக் கண்ணாடி வழியாக உலைக்குள் பார்த்தே வெப்பத்தைச் சொல்லிவிடுகிற மனிதர். திரையில் குனிந்து பார்த்து, "இது என்ன சார், விசிறி மடிப்பு மாதிரி? உலைக்குள் இப்படி எங்கேயும் தெரியாதே" என்றார். எனக்கு முகம் சுருங்கியது, ஆனால் கோடுகளை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஒரு பர்னரிலிருந்து விரிந்த கோடுகளும் அந்தப் பக்கம் பார்த்த என் கோணத் துண்டுகளும் எண்ணிக்கையில் ஒன்றாக இருந்தன.

அவை உலையின் கோடுகள் அல்ல, நான் தேர்ந்தெடுத்த திசைகளின் நிழல்கள். பருமனான வலையில் கதிர் ஒவ்வொரு கண்ணியைத் தாண்டும்போதும் பக்கவாட்டில் கசிந்து பரவும், அதுவும் பொய்தான். அந்தப் பொய் இத்தனை நாள் முதல் பொய்யின் மேல் போர்வையாகக் கிடந்திருக்கிறது. வலையைப் பொடியாக்கி நானே போர்வையை உருவியிருக்கிறேன்! இடத்தை நறுக்கும்போது திசையையும் சேர்த்து நறுக்க வேண்டும் என்று பாடத்தில் படித்ததுதான். படித்தபோது அது தேர்வுக்கான வரி.

8 லட்சம் கண்ணிகளுக்கு இறங்கி, திசைகளை 128 ஆக்கினேன். ஒவ்வொரு கண்ணியிலும் ஒவ்வொரு திசைக்கும் கதிரின் செறிவு ஒன்று என்று பத்துக் கோடிக்கு மேற்பட்ட செறிவுகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. கோடுகள் முழுவதும் போகவில்லை, தேடினால்தான் தெரிந்தன.

புதிய படத்தை அச்செடுத்து உலைக்கே கொண்டுபோனேன். பொறுப்பாளர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "சுவர் சரி. ஆனால் கதவுப் பக்கம் இவ்வளவு சூடு ஏறாது. கதவு எந்த நேரமும் திறந்து திறந்து மூடுகிறதே, அதைப் போட்டீர்களா?"

போடவில்லை. என் கணக்கில் கதவே இல்லை. அங்கே வழுவழுப்பான ஒரு சுவர் இருந்தது.