சுமை இறக்கும் பாறை

சைக்கிளில் மலை ஏறுகிறவன் என்று தெரிந்துவிட்டால் எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "கொல்லிமலைல எழுவது வளைவும் எறங்காமயே ஏறிட்டீங்களா?" ஏறியிருக்கிறேன், இரண்டு தடவை. மூன்றாவது தடவை நாற்பத்து மூன்றாவது வளைவில் இறங்கி உட்கார்ந்து வாந்தி எடுத்ததும் உண்டு. ஆனால் அதைப் பற்றிப் பேச எனக்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை. தார் ரோடு, கியர் இருக்கிறது, காலில் தெம்பு இருந்தால் ஏறிவிடலாம். வளைவுக்கு வளைவு நம்பர் வேறு எழுதி வைத்திருக்கிறார்கள், எண்ணிக்கொண்டே போக.

எனக்குப் பிடித்தது தடம். கொங்கில் நாங்கள் வழியைத் தடம் என்றுதான் சொல்லுவோம். வண்டித்தடம், ஆட்டுத்தடம், ஒத்தையடித் தடம். சின்ன வயதில் காங்கயம் பக்கம் அமுச்சி (அம்மாவைப் பெற்றவள்) வீட்டுக்குப் போவது இட்டேரியில்தான். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மணல். மணலில் சக்கரம் புதைந்தால் அப்பா "எறங்கு சாமி" என்பார். இறங்கித் தள்ளுவோம். அப்புறம் ஏறுவோம். மறுபடி இறங்குவோம். சைக்கிளை விட்டு இறங்குவது தோல்வி என்று நினைக்கிறவர்கள் நேராகத் தார் ரோட்டில்தான் ஓட்டப் பழகியிருக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்கிறார்கள். பர்கூர், கடம்பூர், தாளவாடிப் பக்கமெல்லாம் ரோட்டை விட்டுக் காட்டுத்தடத்தில் சைக்கிளை இறக்காதீர்கள். சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகம் ஆனது. அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம் என்பது ஒரு பக்கம். யானைக்கு முன்னால் பெடல் போட்டுத் தப்பிக்கிற காலை நான் இன்னும் யாரிடமும் பார்க்கவில்லை. நான் போவது ஊருக்கு ஊர் மனிதர்கள் நடக்கிற தடங்களில் மட்டும். அப்படி ஒரு தடம்தான் போதமலை.

இராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே மூன்று ஊர், கீழூர், மேலூர், கெடமலை. கீழூர் என்ற பேரைப் பார்த்து ஏமாறக்கூடாது, அதுவும் மலைமேல்தான். நான் போனபோது ரோடு கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டு இயந்திரத்தைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் மலை ஏறுகிற படம் பேப்பரில் வருமே, அந்த ஊர்கள். நான் போனது 2020 தை மாசம், கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முன்னால்.

நாலரை மணிக்குக் கிளம்பினேன். வையப்பமலை தாண்டும்போது இன்னும் இருட்டு. இராசிபுரத்தில் மச்சினன் எக்ஸெல் வண்டியோடு காத்திருந்தான். அவன் மலைக்கு நடந்து வருகிறேன் என்றான், நான் சைக்கிளோடு. வடுகத்தில் அவன் எக்ஸெல்லை ஒரு வீட்டு வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டு வந்தான். நான் டயரில் காற்றைக் குறைத்தேன். தாரில் முப்பத்தைந்து பி.எஸ்.ஐ. ஓடும் டயர் கல்லில் அந்தக் காற்றோடு போனால் பந்து மாதிரி எகிறும். இருபத்தைந்துக்கு இறக்கினால் கல்லைப் பிடிக்கும். இன்னும் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி ஒரே அடியில் இரண்டு ஓட்டை விழும். நான் விரலால் அமுக்கிப் பார்த்தே கணக்குப் பண்ணுகிறவன். மச்சினன் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ஏனுங் மச்சான், மாட்டுக்கு லாடம் கட்டறாப்பல இல்லீங்களா" என்றான்.

முதல் அரை கிலோமீட்டர் ஓட்டினேன். அதோடு சரி. அதற்கு மேல் தடம் பாறையும் வேரும் உருட்டுக்கல்லுமாக மாறிவிட்டது. தள்ளினேன். தள்ளுவதற்கும் அகலம் போதவில்லை, சைக்கிளுக்கும் எனக்கும் சேர்த்துத் தடத்தில் இடம் இல்லை. தூக்கித் தோளில் மாட்டினேன். பதினான்கு கிலோ. இந்த இடத்தில்தான் நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன். தடம் இடப்பக்கம் நீளமாக வளைந்து போகிறது. நேராக மேலே ஒரு குறுக்குத்தடம் தெரிகிறது. எதற்குச் சுற்றிக்கொண்டு?

அது ஆட்டுத்தடம். ஆடு போகிற தடம் தரையில் நன்றாகத்தான் இருக்கும், புழுக்கைகூட வழி காட்டும். ஆனால் இடுப்புக்கு மேலே அடைத்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் அந்த உயரத்தில் ஆட்டுக்கு வேலை இல்லை. சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்டுத்தடத்தில் நுழைவது கட்டிலை ஜன்னல் வழியாக வெளியே எடுப்பது மாதிரி. ஹேண்டில்பார் உண்ணிச்செடியில் சிக்கும், அதை விடுவித்தால் பெடல் சிக்கும். சட்டை கிழிந்தது. இருபது நிமிஷம் கழித்து மேல் தடத்தில் வந்து விழுந்தபோது மச்சினன் அங்கே ஒரு பாறையில் சாய்ந்து கடலை உருண்டை தின்றுகொண்டிருந்தான்.

அந்தப் பாறையைத்தான் சொல்ல வந்தேன்.

தடத்தோரம் ஏறக்குறைய என் மார்பு உயரத்துக்கு நிற்கிற பாறை. மேல்பக்கம் தட்டை. பக்கவாட்டில் எல்லாம் சொரசொரப்பாக, பாசி காய்ந்து ஒட்டிக்கிடந்தது. மேல்பக்கம் மட்டும் எண்ணெய் தேய்த்த மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஒரு வெடிப்பில் சாக்கு நூல் இரண்டு இழை ஒட்டியிருந்தது. வெடிப்புக்குள் ஏழெட்டு அரிசி, எறும்பு ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. ரேஷன் அரிசியாக இருக்கும், அந்தக் குண்டு அரிசி. நான் ஒன்றும் யோசிக்காமல் தோளிலிருந்து சைக்கிளை அப்படியே அதன்மேல் சாய்த்தேன். குனியவே வேண்டியிருக்கவில்லை. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தோளைக் கொடுத்தேன், தானாக ஏறிக்கொண்டது.

அடுத்த பாறை வந்தபோது கவனித்தேன். மூன்றாவது வந்தபோது எண்ண ஆரம்பித்தேன். எனக்குத் தோள் "போதும்டா" என்று சொல்கிற இடத்தில் சொல்லி வைத்த மாதிரி ஒரு பாறை நிற்கும், அதே உயரம், அதே வழுவழுப்பு. கீழூர் போவதற்குள் ஏழு. வெறுங்கையோடு வந்த மச்சினனுக்கு ஒன்றுகூட கண்ணில் படவில்லை. நான் காட்டிய பிறகும், "கல்லு இருக்கறது அதிசயமுங்களா, மலைங்க இது" என்றான்.

மூன்றாவது பாறைக்கு மேலே ஒரு பெரியவரும் அம்மாவும் இறங்கி வந்தார்கள். இரண்டு பேர் தலையிலும் மூட்டை. அந்த அம்மா நின்று, சைக்கிளையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "ஏன் தம்பி, கீழ ரிப்பேரு பண்ண ஆளு இல்லியா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். மேலே யாரிடமோ பழுது பார்க்கக் கொண்டுபோகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மூட்டையே விழுந்திருக்கும்.

பெரியவரிடம் பாறையைப் பற்றிக் கேட்டேன். "கீழ குனிஞ்சு எறக்குனா, திரும்பத் தூக்கிவிட ஒரு ஆளு வேணுமில்ல? இதுல வச்சா தனி ஆளாவே ஏத்திக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அதன் கணக்கு. அப்புறம் அவர் என் தோளைப் பார்த்தார். பனியன் மேல் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. என் துண்டை வாங்கி முறுக்கிச் சும்மாடு மாதிரி சுற்றி, சைக்கிள் குழாய்க்குக் கீழே வைத்துக் கொடுத்தார். ஒரு தோளில் மாட்டாதே, ஆட்டுக்குட்டியைப் போடுகிற மாதிரி பிடரியில் குறுக்காகப் போடு என்றார். அந்த வித்தையை எத்தனையோ வீடியோ பார்த்தும் நான் கற்றுக்கொண்டிருக்கவில்லை. முன்சக்கரம் ஆடாமல் இருக்க ஹேண்டில்பாரைக் குழாயோடு கட்டினது மட்டும் என் சொந்த யோசனை. பெடலைத் திருப்பி வைக்காவிட்டால் முதுகில் குத்தும், அது பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் சமவெளியில் பழைய ரோட்டோரங்களில் சுமைதாங்கிக் கல் இன்னும் அங்கங்கே நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். சைக்கிளில் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பை வைத்திருப்பார்கள். இங்கே மலையில் யாரும் நட்டு வைக்கவில்லை. தடத்தைப் போட்டவர்கள் பாறை இருக்கும் இடமாகப் பார்த்துத் தடத்தைக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. நான் குறுக்கே பாய்ந்த அந்த நீள வளைவு ஏன் அப்படிச் சுற்றிக்கொண்டு போகிறது என்பதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. கியர் மாற்றத் தெரிந்தவனுக்கு ஏற்றத்தின் சரிவு தெரியும். ஆனால் சுமையோடு எத்தனை தப்படிக்கு ஒரு தடவை நிற்க வேண்டும் என்பது அந்தத் தடத்துக்குத்தான் தெரிந்திருந்தது.

பதினொரு மணிக்குக் கீழூர். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன அரிசிம்பருப்புச் சோற்றைப் பிரித்தோம். அந்த வீட்டில் கடுங்காப்பி கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. மேலே கொஞ்ச தூரம் சமமாக இருந்தது, ஓட்டினேன். பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். ஆளுக்கு ஒரு சுற்று கொடுத்ததில் ஒரு மணி நேரம் போனது. அந்த மலையில் சைக்கிளால் ஆன உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பிரசவ வலி வந்தால் எப்படிக் கீழே போவீர்கள் என்று மச்சினன் கேட்டதற்கு, "தூளி கட்டித்தான்" என்றார் வீட்டுக்காரர், கடைக்குப் போவதைச் சொல்வது மாதிரி.

இறக்கத்தைப் பற்றிச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், பெருமைப்பட ஒன்றும் இல்லை. மேலேயிருந்து பார்த்தால் ஓட்டிவிடலாம் போலத்தான் தெரியும். சீட்டை இறக்கி, பின்னால் சரிந்து உட்கார்ந்து ஓட்டினேன். இரண்டாவது வளைவிலேயே ஒரு கல் உருண்டு பின்கியரில் அடித்தது. கியர் மாட்டும் காது உள்ளே மடங்கி, கியர் ஸ்போக்குக்குள் போய், நான் தடத்தோரப் புல்லுக்குள் போனேன். நாலு ஸ்போக் காலி. முட்டியில் தோல் காலி.

இதற்கு வைத்தியம் உண்டு. பின்கியரைக் கழற்றி எறிந்துவிட்டு, செயினில் சில கண்ணியை வெட்டிச் சுருக்கி, ஒரே பல்சக்கரத்தில் மாட்டினால் பழைய சைக்கிள் மாதிரி வீடு வந்து சேரலாம். அதற்குச் செயின் வெட்டுகிற சின்னச் சாமான் ஒன்று வேண்டும். எனக்கு ரிக் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் வேலை. இந்தியா பூரா போர் போடுகிற எங்கள் ஊர் வண்டிக்கு எந்த ராத்திரியில் எந்த நட்டு கேட்டாலும் அலமாரி நம்பர் சொல்லுவேன். செயின் வெட்டுகிற சாமான் வீட்டில் டிவி ஸ்டாண்டு மேல் இருந்தது.

அப்புறம் என்ன, மறுபடி பிடரியில் போட்டேன். பாறைக்குப் பாறை இறக்கி வைத்தேன். இறக்கத்திலும் அவை அதே இடத்தில்தான் தேவைப்பட்டன, அதையும் சொல்ல வேண்டும். வடுகத்திலிருந்து இராசிபுரம் வரை மச்சினன் எக்ஸெல்லில் முன்னால் போக, துண்டின் ஒரு நுனியை அவன் கேரியரில் கட்டி, மறு நுனியை நான் பிடித்துக்கொண்டு உருண்டேன். செய்யக்கூடாத காரியம். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவன் வீட்டுக்குள் நுழையும் முன்பே போன் பண்ணிச் சொல்லியிருந்தான்.

இப்போது மலைக்கு ரோடு போடுகிற வேலை தொடங்கிவிட்டது. "உங்க தடம் போச்சே" என்று ஒரு சைக்கிள் சிநேகிதர் வருத்தப்பட்டார். எனக்கு அந்த வருத்தம் கொஞ்சமும் இல்லை. நான் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குச் சுமந்தேன். தினம் சுமக்கிறவர்களுக்கு ரோடு வேண்டும், இத்தனை வருஷம் வராததுதான் கேவலம்.

போன மாசம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழைய தடத்தில் கொஞ்சம் ஏறிப் பார்த்தேன். மச்சினனும் முனகிக்கொண்டே வந்தான். முதல் பாறையில் யாரும் இல்லை. இரண்டாவது பாறையின் மேல் ஒரு பையன் ஏறி உட்கார்ந்து செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். இந்தக் கல் மேல் மட்டும்தான் ஜியோ எடுக்குமாம்.