சாவியைத் திருப்பாதீர்கள்

2015 டிசம்பர் முதல் வாரம், சென்னையை வெள்ளம் சூழ்ந்த நேரம். தென்சென்னையில் நான் மேற்பார்வையாளராக இருந்த கார் பட்டறையின் வாசலிலிருந்து தெருமுனை வரை, இழுத்து வரப்பட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. கதவைத் திறந்தால் சேறும் சாக்கடை வாடையும் வந்தன. முதல் வேலையாக, எஞ்சின் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்போம். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

அந்த வாரம் எனக்குப் புரியாத ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வீட்டு வாசலில் நிறுத்திவைத்து, இருக்கை வரை மூழ்கிப்போன வண்டிகளில் பலவற்றின் எஞ்சின் பிழைத்தது. முழங்காலளவு நீரில் ஓட்டி வந்த வண்டிகளோ, எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கம்பியான கனெக்டிங் ராடு வளைந்து கிடந்தன.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வண்டியைப் பிரித்தபோதுதான் விளங்கியது. "நடுவழியில் நின்றுவிட்டது தம்பி. நாலு முறை சாவியைத் திருப்பினேன். கடைசி முறை டங்கென்று ஒரு சத்தம்" என்றார். காற்றிழுக்கும் குழாய் வழியாக நீர் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. காற்றை பிஸ்டனால் அழுத்த முடியும், தண்ணீரை முடியாது. மேலே ஏற வழியில்லாத பிஸ்டன் ராடை வளைத்துவிடுகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று காப்பீட்டிலும் கைவிரித்துவிட்டார்கள். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டுமாம். ஓய்வூதியத்தில் வாழும் மனிதரிடம் பழுதுச் செலவின் மதிப்பீட்டுத் தாளை நீட்டியது இன்றும் உறுத்துகிறது.

அதன்பின் மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பேச ஆரம்பித்தேன். முன்னால் போகும் வண்டியின் சக்கரம் பாதிக்கு மேல் மறைந்தால் திரும்பிவிடுங்கள். சுரங்கப்பாதையில் ஆழத்தைக் கண்ணால் அளக்கவே முடியாது; இறங்காதீர்கள். ஓடும் நீர் ஓரடி இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும். போயே ஆக வேண்டுமென்றால் முதல் கியரில், ஆள் நடக்கும் வேகத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போங்கள். எதிரே பஸ் வந்தால் அது கிளப்பும் அலை அடங்கும்வரை மேட்டில் காத்திருங்கள். நீரைத் தாண்டியதும் பிரேக்கை நாலைந்து முறை லேசாக மிதித்துப் பாருங்கள். நனைந்த பிரேக் உடனே பிடிக்காது.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தியதைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது. பட்டறையில் நான் பார்த்ததையெல்லாம் பார்த்த எவரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, மிக்ஜாம் புயலன்று, பள்ளிக்கரணையிலிருந்து ஒரு பெண் அழைத்தார். வண்டி நீரில் நின்றுவிட்டது, குழந்தையும் உடன் இருக்கிறது என்றார். "சாவியைத் தொடாதீர்கள் அம்மா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுங்கள். வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். மூன்று நாள் கழித்துத்தான் இழுத்து வர முடிந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றினோம். ஒரு துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டது. உலர்த்தி, ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் மாற்றி, மாலையில் ஸ்டார்ட் செய்தோம். முதல் திருப்பிலேயே ஓடியது.