எஞ்சினை இறக்கச் சொன்னார்கள்

முதலில் கேட்டது நானில்லை. பின் சீட்டில் இருந்த மூன்றாம் வகுப்புப் பெடியன். திருகோணமலை உவர்மலையில் இரண்டு பிள்ளைகளை ஏற்றுவதற்காக வானை நிறுத்தியிருந்தபோது, "அங்கிள், வானுக்குக் கீழ யாரோ தட்டுறாங்க" என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கதவை அடைத்தேன். அடுத்த நாள் அதே இடத்தில் நின்றபோது எனக்கும் கேட்டது.

எங்களுடையது 1993ஆம் ஆண்டு டொயோட்டா ஹயஸ், ஊரில் டொல்பின் என்று சொல்கிற வான். உள்ளே 2779 சீசீ, 3எல் டீசல் எஞ்சின். அப்பா வாங்கி, ஹயர் ஓடி, முழங்கால் ஒத்துவராமல் போன பிறகு என் கைக்கு வந்தது. காலையிலும் மத்தியானத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சீசனில் நிலாவெளிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள், இடையில் கல்யாண வீடு, சாவீடு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திறந்தபோது வந்த விலைகளைப் பார்த்தபின், இந்த வானோடுதான் வாழ்க்கை என்று முடிவாகிவிட்டது. அதனால் அதற்கு ஒரு தும்மல் வந்தாலும் எனக்குக் காய்ச்சல்.

சத்தம் இப்படி: நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது டீசல் சத்தத்துக்கு மேலாக ஒரு 'டக்டக்டக்'. காய்ந்த தேங்காயைச் சிரட்டையால் தட்டுவது போல. ரேஸ் பண்ணினால் மற்றச் சத்தத்தோடு கலந்து மறைந்துவிடும். ஓடும்போது கேட்காது. மதில் ஓரமாக மெதுவாகப் போகும்போது மட்டும், மதிலில் பட்டுத் திரும்பி வந்து காதில் விழும். வாகனத்தில் சத்தம் தேடுகிறவர்களுக்கு மதில் ஒரு நல்ல உதவி. கண்ணாடியை இறக்கிவிட்டுப் போய்ப் பாருங்கள், உள்ளே கேட்காததெல்லாம் கேட்கும்.

அப்பாவிடம் சொன்னேன். திண்ணையில் இருந்தபடியே, "டீசல் எஞ்சின் சத்தம் போடாம பாட்டாடா பாடும்?" என்றார். அத்தோடு அவர் பக்கத்துப் பேச்சு முடிந்தது.

போனில் பதிவு செய்து தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஐந்து பேர், ஆறு பதில். டெப்பட் என்றார்கள், டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சுகிற நொசில் என்றார்கள், டைமிங் பெல்ட்டின் டென்ஷனர் என்றார்கள். ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் மட்டும், "வித்துப்போட்டு வேற வாங்கு" என்று அனுப்பியிருந்தான். அவனுக்கு இங்கத்தை விலை தெரியாது.

பிறகு நகரத்தில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் முன் சீட்டைத் தூக்கச் சொன்னார் (ஹயஸில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழேதான்), இரண்டு தரம் ரேஸ் பண்ணச் சொன்னார், தலையை ஆட்டினார். "பிக் என்ட் போயிட்டுது. எஞ்சினை இறக்கணும். கிராங்கும் பழுதாப் போயிருந்தா வேற எஞ்சின் போடுறது லாபம்." பிக் என்ட் என்றால் பிஸ்டனின் தண்டு கிராங்கைப் பிடிக்கிற இடம், அங்குள்ள பேரிங் தேய்ந்தால் தட்டும். எல்லாமாக நாலரை இலட்சம் ரூபா வரும் என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. எப்போதிருந்து, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்று இரவு நித்திரை வரவில்லை. படுத்துக்கொண்டே யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. விடிய வானை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் சத்தம் ஆகக் கூட. பிள்ளைகளை இறக்கிவிட்டு அநுராதபுரச் சந்திக்கு வரும்போது பாதியாகிவிடும். பிக் என்ட் பேரிங் தேய்ந்திருந்தால் இது தலைகீழாக இருக்க வேண்டும். எஞ்சின் சூடாகச் சூடாக ஒயில் இளகும், பேரிங்கின் இடைவெளியை நிரப்ப மாட்டாது, தட்டல் கூடும். என்னுடையது சூடானால் குறைகிறது.

ஒரு யோசனையை நம்பி நாலரை இலட்சத்தைத் தள்ளிவைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வானைக் கல்லில் ஏற்றி ஒயிலை இறக்கினேன். இறங்கிய ஒயிலைத் தட்டில் எடுத்து, விரலால் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பேரிங் உராய்ந்து தேய்ந்தால் ஒயிலில் ஜிகினா மாதிரி மினுங்கும். கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அதற்குள் விட்டுக் கலக்கினேன். காந்தத்தில் பிடித்தது மெல்லிய பசை மட்டும். ஒயில் லைட்டும் ஸ்டார்ட் ஆனவுடனே அணைந்துவிடுகிறது. கொஞ்சம் மூச்சு வந்தது.

உப்புவெளியில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற கூட்டாளி ஒருவன் இருக்கிறான். வான் அவன் தொழிலில்லை, ஆனால் டீசல் டீசல்தான். பின்னேரம் ஸ்பனரோடு வந்தான். அவன் செய்து காட்டியதுதான் இந்தக் கதையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம். எஞ்சினை ஓடவிட்டு, முதலாவது நொசிலுக்குப் போகிற டீசல் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினான். டீசல் வெளியே கசிந்தது, அந்தச் சிலிண்டர் எரியாமல் நின்றது, எஞ்சின் நொண்டத் தொடங்கியது. "இப்ப கேள் மச்சான்" என்றான். டக்டக்டக். நட்டை இறுக்கினான். இரண்டாவது. டக்டக்டக். மூன்றாவது, நாலாவது, எல்லாவற்றிலும் எஞ்சின் நொண்டியது, சத்தம் மட்டும் கொஞ்சமும் மாறவில்லை.

அதன் கணக்கு இதுதான். நொசில் கெட்டுக் கொட்டினாலும் சரி, பிக் என்ட் அடித்தாலும் சரி, அந்தச் சிலிண்டரில் எரிவதை நிறுத்தினால் பிஸ்டன் மேல் விழுகிற அடி குறையும், சத்தமும் நிற்கும் அல்லது நன்றாகக் குறையும். நாலு சிலிண்டரிலும் ஒன்றும் மாறவில்லை என்றால், தேட வேண்டிய இடம் அது இல்லை. (இதை நீங்களாகச் செய்வதாக இருந்தால் கையைக் குழாய்க்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அவன் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துத்தான் செய்தான்.)

"இது எஞ்சினுக்குள்ள இல்லடா. ஆனா என்னெண்டு எனக்குத் தெரியா. கிண்ணியா நானாட்ட கொண்டு போ" என்றான். (நானா என்றால் முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். அவன் சொன்னது கிண்ணியாவில் கராஜ் வைத்திருக்கிறவரை.)

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

திங்கட்கிழமை பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிண்ணியாவுக்குப் போனேன். பாலம் 2009இல் திறந்ததிலிருந்து அது ஒரு பயணமே இல்லை. அதற்கு முன் அப்பா இதே வானைப் பாதையில் (வாகனங்களை அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவையில்) ஏற்றி இறக்கின காலத்தில் அரை நாள் போய்விடும். பாலத்தைத் தாண்டியதும் குறுக்கே மாடு ஒன்று வந்தது. பிரேக்கை மிதித்தேன். மாட்டுக்கும் வானுக்கும் ஒரு முழம் இருந்தது. காலுக்குக் கீழே பெடல் கட்டை மாதிரி இருந்ததும் தெரிந்தது. பழைய வான், பேட் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சில மாதமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். கராஜ் என்று சொல்ல ஒரு தகரக் கொட்டில், ஒரு வேப்பமரம். நான் தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார். "இரிங்க மகன். மொதல்ல தேத்தண்ணி குடிங்க. எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும், பச்சையா ஸ்டார்ட் பண்ணிக் கேப்பம்." முக்கால் மணி நேரம் வேப்பமரத்துக்குக் கீழே இருந்தோம். அதற்குள் அவர் கேட்டதெல்லாம் கேள்விகள். எப்போதிருந்து? ஒயில் எப்போது மாற்றினது? அல்டினேட்டர் எப்போதாவது கழற்றினதா? கடைசியாக, "பிரேக் எப்படி?"

"நானா, நான் எஞ்சின் சத்தத்துக்கு வந்தன்."

"அதத்தான் கேக்கன்."

மாட்டுக் கதையைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்துவந்தார். ஸ்டார்ட் பண்ணினேன். முனையை எஞ்சின் பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காது எலும்பில் அழுத்திக் கேட்டார். பிறகு டீசல் பம்பில். பிறகு பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற அல்டினேட்டரின் பின்பக்கம். அங்கே வைத்ததும் முகத்தைச் சுளித்துக் காதை எடுத்துவிட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். பிளாக்கில் வைத்தால் தூரத்தில் யாரோ நெல் குத்துவது போல இருந்தது. அல்டினேட்டரில் வைத்தபோது காதுக்குள்ளேயே சுத்தியல்.

"இப்ப பிரேக்க நாலு தரம் மிதிங்க மகன்."

மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் தட்டலின் தாளம் மாறியது. கொஞ்சம் அமுங்கி, திரும்ப எழும்பி. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பிரேக்குக்கும் எஞ்சின் சத்தத்துக்கும் என்ன உறவு?

உறவு இருக்கிறது. பெற்றோல் எஞ்சின் காற்றை இழுக்கிற இழுவையிலேயே பிரேக் பெடலை இலேசாக மிதிக்க உதவுகிற பூஸ்டருக்கு வேண்டிய வெக்யூம் (வெற்றிடம்) கிடைத்துவிடும். டீசலில் காற்றை மறிக்கிற திரொட்டில் இல்லாததால் அந்த இழுவை போதாது. அதனால் தனியாக ஒரு வெக்யூம் பம்ப் வேண்டும். இந்த எஞ்சினில் அது அல்டினேட்டரின் முதுகில், அதே தண்டில் சுற்றுகிறது. அதற்கு எஞ்சினிலிருந்து ஒரு சின்னக் குழாயால் ஒயில் வரும், பெரிய குழாயால் திரும்ப எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற சம்புக்குப் போகும். முப்பது வருஷமாக வீட்டில் நிற்கிற வான், இந்த உறுப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

முடிவாகத் தெரிய வேண்டும் என்று பெல்ட்டுகளைக் கழற்றினார். "அரை நிமிஷந்தான், ஃபேனும் தண்ணிப் பம்பும் சுத்தாது" என்று சொல்லி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தட்டல் இல்லை. பழைய 3எல் எஞ்சினின் வழமையான இரைச்சல் மட்டும். நாலரை இலட்சம் அந்த அரை நிமிஷத்தில் காற்றோடு போனது.

அல்டினேட்டரை இறக்கிப் பம்பைத் திறந்தார். உள்ளே சுற்றுகிற தகடுகள் ஓரம் கடித்த மாதிரித் தேய்ந்திருந்தன, சுவரில் நகத்தால் தடவினால் சிக்குகிற அளவுக்குக் கீறல். நான் உடனே கொழும்புக்குப் போன் எடுக்கப் போனேன். "பொறுங்க. இது ஏன் தேஞ்சிச்சு?" என்றார். சின்ன ஒயில் குழாயைப் பிளாக்கிலிருந்து கழற்றினார். அதைப் பிடிக்கிற போல்ட் நடுவில் ஓட்டையுள்ளது, அந்த ஓட்டை வழியாகத்தான் ஒயில் வர வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினார். அரிசியளவு சிவப்புத் துண்டு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

சிலிக்கன். கசிவை அடைக்கப் பூசுகிற அதே சிவப்புச் சிலிக்கன். செம்பு வாசர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ அதைப் பூசியிருக்கிறார்கள். உள்ளே பிதுங்கினது பிறகு எப்போதோ கழன்று ஓட்டையில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒயில் சொட்டுச் சொட்டாகத்தான் போயிருக்கிறது. விடிய ஒயில் தடித்து நிற்கும்போது அதுவும் இல்லை. பம்பை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் சில மாதத்தில் தட்டத் தொடங்கியிருக்கும்.

"பம்ப் வாற வரைக்கும் புள்ளயள ஏத்தாதீங்க" என்றார். வானை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். பிள்ளைகளை மூன்று நாள் பக்கத்து வீட்டு அண்ணன் தன் வானில் ஏற்றினார். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் பாவித்த பம்ப் ஒன்று பிடித்து, படம் அனுப்பி, தண்டின் பற்களை எண்ணிச் சரிபார்த்து, இரவு பஸ்ஸில் பார்சல் போடச் சொன்னேன். நானா கூலியோடு எல்லாம் இருபத்தேழாயிரத்துக்குள் முடிந்தது. பூட்டுவதற்கு முன் பம்புக்குள் கொஞ்சம் ஒயில் விட்டுக் கையால் சுற்றினார். ஸ்டார்ட் பண்ணியதும் திரும்புகிற குழாயைப் பிடித்து ஒயில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

வீட்டுக்கு வந்து அந்தச் சிவப்புத் துண்டை அப்பாவின் கையில் வைத்தேன். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இருபத்திரண்டாம் ஆண்டு," என்றார். "டீசல் லைன்ல நிண்ட நேரம். ஒயில் சொட்டினது. வாசர் கடை கடையாத் தேடினன், கிடைக்கல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? அந்த வருஷம் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வீடு இது.

கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து, கதவைப் பிடித்துப் பிடித்து டிரைவர் சீட்டில் ஏறினார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் பெடலை ஐந்தாறு தரம் மிதித்து இறுக வைத்தார். காலை எடுக்காமலே சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்ததும் அவருடைய கால் பெடலோடு மெல்லக் கீழே போனதை நான் கதவுப் பக்கம் நின்று பார்த்தேன்.

"இறங்குது" என்றார். நிறுத்தாமல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "செம்பு வாசர் ஒரு பைக்கட் வாங்கி டேஷ்போர்டுக்குள்ள போட்டு வை" என்று சொல்லி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.