ஃபைண்ட் மாட்யூலைப் பிரதியெடுக்காதீர்கள்

சிங்கப்பூரில் சி++ எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிமேக் (சி++ புராஜெக்டுகளை பில்ட் செய்ய உதவும் கருவி) ஒரு லைப்ரரியைத் தேடிக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் ஃபைலான ஃபைண்ட் மாட்யூலை ஒவ்வொரு புராஜெக்டிலும் காப்பி செய்து ஒட்டாதீர்கள். மாட்யூல் பாதையில் (மாட்யூல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) முதலில் கிடைக்கும் ஃபைலைத்தான் சிமேக் எடுக்கும். அது பழையதா புதியதா என்று பார்க்காது. பழைய பிரதியில் டார்கெட் பெயர், அதாவது லைப்ரரியை லிங்க் செய்ய நீங்கள் எழுதும் பெயர், வேறாக இருக்கலாம். நீங்கள் கேட்கும் பெயரில் இரட்டை முக்காற்புள்ளி (::) இருந்தால் சிமேக்கே பிழை காட்டி நிறுத்தும். இல்லையென்றால் லிங்க் செய்யும்போதுதான் உடையும்.

மாட்யூல்களுக்குத் தனி கிட் ரெப்போ வையுங்கள். டார்கெட் பெயரோ வேரியபிளோ மாறினால் பதிப்பின் முதல் எண்ணை உயர்த்துங்கள். வெளி ரெப்போவை இறக்கித் தரும் சிமேக் வசதியான ஃபெட்ச்கன்டென்ட் மூலம் அதை இழுக்கும்போது முழு கமிட் ஹாஷ் கொடுங்கள். ஏனென்றால், டேக்கைப் பிறகு வேறு கமிட்டுக்கு நகர்த்திவிட முடியும். இழுத்த ஃபோல்டரை, லைப்ரரியைத் தேடச் சொல்லும் வரிக்கு முன்பே மாட்யூல் பாதையில் சேர்த்துவிடுங்கள்.

மாட்யூலின் பதிப்பு வேறு, லைப்ரரியின் பதிப்பு வேறு. லைப்ரரியின் எண்ணை ஹெடரிலிருந்து படித்துச் சரிபார்ப்பது மாட்யூலின் பொறுப்பு. அதை எழுதாமல் விட்டால், 3.0 கேட்டவருக்கு 2.4 சத்தமில்லாமல் கிடைக்கும்.

தன்னைப் பற்றிய விவரங்களை சிமேக்குக்குச் சொல்லும் கான்ஃபிக் ஃபைலை லைப்ரரியே தந்தால் மாட்யூலே வேண்டாம். பூஸ்ட் என்ற சி++ லைப்ரரித் தொகுப்பு 1.70 பதிப்பு முதல் அதைத் தருகிறது, சிமேக் 3.30-இன் புதிய பாலிசியில் (பழைய நடத்தையா புதியதா என்று தீர்மானிக்கும் அமைப்பு) பூஸ்டுக்கான மாட்யூலான ஃபைண்ட்பூஸ்ட் நீக்கப்பட்டுவிட்டது.