நீலச் சிட்டங்கள்: ஒரு பின்னல் நாட்குறிப்பு

நவம்பர் 3
ஆறு சிட்டம் நூல் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் 100 கிராம், 200 மீட்டர், மூன்று இழை முறுக்கிய சூப்பர்வாஷ் மெரினோ (துவைத்தால் சுருங்காதபடி பதப்படுத்திய கம்பளி), கையால் சாயமேற்றியது. விளக்கு வெளிச்சத்தில் ஆறும் ஒரே நீலம். பகல் வெளிச்சத்தில் விரித்தால் இரண்டில் பச்சை எட்டிப் பார்க்கிறது, ஒன்றில் கருமை கூடுதல். ஒரே பானையில் வெந்த சிட்டங்கள்கூட இப்படித்தான் வரும். ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடங்கினால், மாறிய இடத்தில் கோடு கிழித்தது போலத் தெரியும். ஆகவே எப்போதும் இரண்டு சிட்டம் கையில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மாற்றிப் பின்ன வேண்டும். பச்சை கலந்தவை இரண்டையும் ஜோடி சேர்க்கக் கூடாது.

நீலம் அவ்வளவு அழகு. கேபிள் முறுக்கு, பூ வேலை எதுவும் வேண்டாம்.

நவம்பர் 4
மாதிரித் துண்டு. 4.5 மி.மீ. ஊசி. ஸ்வெட்டரை வட்டமாகப் பின்னப் போவதால் துண்டும் நேர்ப்பக்கம் மட்டுமே பின்னப்பட வேண்டும். பலருக்குப் பின்பக்கம் பின்னும் பர்ல் வரி, நேர்ப்பக்கம் பின்னும் நிட் வரியைவிடச் சற்றுத் தளர்வாக விழும். திருப்பித் திருப்பிப் பின்னிய துண்டின் அளவு வட்டப் பின்னலுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வரி முடிவிலும் நூலைத் துண்டின் பின்னால் தொளதொளவென்று விட்டு, மறுபடி வலப்பக்கத்திலிருந்தே தொடங்கினேன். 15 செ.மீ. அகலம். ஓரக் கண்ணிகள் எப்போதும் பொய் சொல்லும், நடுவில் மட்டும் அளக்க வேண்டும்.

நவம்பர் 5
துண்டு இன்னும் காயவில்லை. தகவலும் இல்லை.

நவம்பர் 6
துவைக்கும் முன் 10 செ.மீ.க்கு 21 கண்ணி, 30 சுற்று. துவைத்துக் காய்ந்த பின் 20 கண்ணி, 28 சுற்று.

இதுதான் சூப்பர்வாஷின் குணம். கம்பளி இழையின் செதில்களை நீக்கியோ மூடியோ விடுவதால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. ஈரக் கனத்தில் துணி வளர்ந்துவிடும். அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும் என்பதால் வேறு நூல் சரிப்படாது. மார்பு 96, தளர்வுக்கு 8, மொத்தம் 104 செ.மீ. 20 கண்ணிக் கணக்கில் 208. துவைக்காத துண்டை நம்பினால் 218 கண்ணி ஏற்றியிருப்போம், முதல் துவைப்பிலேயே 5 செ.மீ. பெருத்திருக்கும்.

96 பழைய அளவு. இப்போது குறைந்திருக்கலாம்.

நவம்பர் 8
கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லன்: கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் நான்கு கோடுகள் கையையும் உடம்பையும் பிரிக்கும். பின்னல் ஆசிரியை எலிசபெத் ஜிம்மர்மன் வகுத்த விகிதம்தான் அடிப்படை: உடம்பு 100 என்றால் கழுத்து சுமார் 40, அக்குள் 8, மேல்கை 33, மணிக்கட்டு 20. கழுத்துக்கு 84 கண்ணி. முன் 26, பின் 26, கைக்குப் பதினாறு பதினாறு. தோளிலிருந்து அக்குள் வரை 22 செ.மீ., அதாவது 62 சுற்று.

வழக்கமாகச் சொல்வது: ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் நான்கு கோட்டிலும் இரண்டிரண்டாக எட்டுக் கண்ணி கூட்டு. அப்படி 31 முறை கூட்டினால் முன்னும் பின்னும் 88 ஆகும், சரி. கை 78 ஆகிவிடும். அக்குள் 16 சேர்ந்தால் 94 கண்ணி, 47 செ.மீ. மேல்கைக்கு அது பை.

நவம்பர் 9
கை. திரும்பவும் கை. உடம்பும் கையும் ஒரே வேகத்தில் வளர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உடம்புப் பக்கம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, 31 தடவை. கைப் பக்கம் மூன்று சுற்றுக்கு ஒருமுறை, 20 தடவை. கை 56, அக்குளோடு 72, அதாவது 36 செ.மீ. விகிதத்தைவிட மூன்று கண்ணி கூடுதல். உள்ளே சட்டை போட இடம் வேண்டும். குறி வளையங்களை இரண்டு நிறத்தில் மாட்டிவிட்டால் எந்தப் பக்கம் எப்போது கூட்டுவது என்று குழம்பாது.

நவம்பர் 11
கழுத்து ரிப், அதாவது இழுபடும் வரிப் பட்டி, முடிந்தது. கழுத்து வெறும் 42 செ.மீ., தலை நுழைய வேண்டும், அதனால் இழுபடும் முறையில்தான் கண்ணி ஏற்றினேன். பின்கழுத்து 2 செ.மீ. உயர, முழுச் சுற்றும் போகாமல் பாதியில் திரும்பும் அரைவரிகள். இது இல்லாவிட்டால் முன்பக்கம் தொண்டையை இடிக்கும்.

நவம்பர் 12
சிட்டத்தில் ஒரு முடிச்சு. நூல் முனைகளை ஈரமாக்கி உள்ளங்கையில் தேய்த்து ஒட்டவைப்பது சூப்பர்வாஷில் பலிக்காது, செதில் இல்லையே. முடிச்சை வெட்டிவிட்டு, முனைகளைப் பின்னால் 8 செ.மீ. செருக வேண்டும்.

நவம்பர் 16
தகவல் வந்தது. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இன்று நான்கு சுற்று.

நவம்பர் 19
கையும் உடம்பும் பிரிந்தன. உடம்புக் கண்ணிகளை வேற்று நூலில் கோத்துவிட்டு முதலில் கைகள். நூல் தீர்ந்தால் உடம்பை 3 செ.மீ. குட்டையாக விடலாம், கையை விட முடியாது.

அக்குள் மூலையில் ஓட்டை விழும். காத்திருந்த கண்ணிக்கும் புதிதாக ஏற்றிய கண்ணிக்கும் நடுவே நூல் இழுபடுவதுதான் காரணம். இரு மூலையிலும் ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றிலேயே பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிவிட்டால் மூடிக்கொள்ளும்.

72-லிருந்து மணிக்கட்டில் 44. ஏழு சுற்றுக்கு ஒருமுறை இரண்டு குறைப்பு, 14 தடவை. சிறிய வட்டத்தில் கை இறுகும் என்றால் ஊசியைக் கால் மி.மீ. கூட்டிக்கொள்ளலாம்.

நவம்பர் 25
இரண்டு கையும் ஆயிற்று. தராசில் மீதம் 340 கிராம். உடம்பில் 10 சுற்றுக்கு 21 கிராம் போகிறது. 106 சுற்றுக்குச் சுமார் 223. மிச்சம் 117. தொப்பிக்குத் தாராளம்.

தொப்பி வேண்டியிருக்கும்.

டிசம்பர் 5
ஸ்வெட்டர் வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம். ஈரத்தோடு தூக்கினால் கை முழங்கால்வரை நீளும், இரு கையாலும் அள்ளித்தான் எடுக்க வேண்டும். பிழியக் கூடாது. துவாலையில் சுருட்டி மிதித்து, சமதளத்தில் 104-க்குத் தட்டிச் சரிசெய்தேன். நீரில் சாயம் கொஞ்சம் இறங்கியது. வெள்ளைப் பட்டை எதுவும் வைக்காதது நல்லதாயிற்று.

டிசம்பர் 6
தலை 56 என்று எழுதிவைத்திருந்தது. முடி இல்லாமல் 54 என்று வைத்துக்கொள்கிறேன். தொப்பி தலையைவிடச் சிறியதாக இருந்தால்தான் நிற்கும்: 48 செ.மீ., 96 கண்ணி. நான்காலும் எட்டாலும் வகுபடும், ரிப்புக்கும் உச்சிக்கும் ஒத்துவரும். ரிப் 4 மி.மீ. ஊசியில். முனைகளை மடிப்புக்குள் செருக வேண்டும், வெறும் தோலில் சின்ன முனையும் உறுத்தும்.

டிசம்பர் 8
15 செ.மீ. வந்தாயிற்று. உச்சி எட்டுப் பாகம், பாகத்துக்குப் பன்னிரண்டு. முதல் ஆறு குறைப்பு ஒன்றுவிட்டு ஒரு சுற்றில், 48 வரை. அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து முறை. கடைசிவரை மெதுவாகவே குறைத்தால் உச்சி கூம்பாக நிற்கும், தொடக்கத்திலிருந்தே வேகமாகக் குறைத்தால் சுருங்கிக் கொசுவும். ஊசியில் இப்போது 48. நாளை காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும், ஊசியோடு எடுத்துப் போகிறேன்.