கை கால் நல்லாத்தானே இருக்கு?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் 16 வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு கிளம்பும்வரை பார்த்துக்கொள்பவனாக, இருக்கிறேன். எந்த ஆர்டருக்கு எத்தனை ஜிஎஸ்எம் (கனம்) துணி, எந்த பையருக்கு, அதாவது வாங்குகிற கம்பெனிக்கு, எந்த லேபிள், லேப் டிப் என்கிற சாய மாதிரி எப்போது ஓகே ஆனது, சரக்கு என்றைக்குத் தூத்துக்குடி போகிறது என எல்லாமே தலையில் இருக்கும். ஃபைலைத் திறக்காமல் பதில் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தத் தலைக்குள்தான் 2022 ஜூலையில் ரத்தம் கசிந்தது.

காலையில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். பின்மண்டையில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி வலி. கொஞ்சம் கொஞ்சமாக ஏறவில்லை. வந்த நொடியிலேயே உச்சம். வாந்தி, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பக்கத்து கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் சி.டி. ஸ்கேன் எடுக்க வைத்தாள். மூளையைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம். முன்பக்கத்து ரத்தக்குழாய் ஒன்றில் பலூன் மாதிரி புடைத்திருந்த இடம் வெடித்திருந்தது. அனியூரிசம் என்றார்கள். தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு, அந்தப் புடைப்புக்குள் கம்பிச்சுருளை வைத்து அடைத்தார்கள். அதன்பிறகும் இரண்டு வாரம் போல ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறதாம். அதற்காக நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை, 21 நாள். நடுராத்திரியில் அலாரம் வைத்து எழுப்பிக் கொடுத்ததெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "கை கால் நல்லாத்தானே இருக்குதுங்க? அது போதும்ங்க." நானும் அப்படித்தான் நினைத்தேன். வாய் கோணவில்லை, நடக்கிறேன், பேசுகிறேன், அப்புறம் என்ன? அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்ததையும், பையன் டிவி சத்தத்தைக் கூட்டியதற்கு ரிமோட்டை விட்டெறிந்ததையும் மருந்தின் கோளாறு என்று ஒதுக்கிவிட்டேன். ஏழாவது வாரம் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

நான்காவது நாள் பேக்கிங்குக்கு ரேஷியோ, அதாவது பெட்டியில் எந்த சைஸ் எந்த விகிதத்தில் என்ற கணக்கு, கொடுக்க வேண்டும். பெட்டிக்கு 24 பீஸ், எஸ்-எம்-எல்-எக்ஸ்எல் 1:2:2:1. ஆர்டர் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டையிங்கிலிருந்து (சாயப் பட்டறை) போன். பேசி முடித்துவிட்டு 1:1:2:2 என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வேறொரு பையருடைய ரேஷியோ. பேக்கிங் அக்கா வந்து, "தம்பி, இவங்களுக்கு எப்பவும் எம்மும் எல்லும்தானே ஜாஸ்தி போகும்?" என்று கேட்டபோது 40 பெட்டி ஒட்டியாகிவிட்டது. நான் சரியாகத்தான் எழுதினேன் என்று சண்டைக்கே போனேன். என் கையெழுத்துத் தாளைக் காட்டினார். பெட்டிகளைத் திரும்பப் பிரிக்கும்போது டேப் கிழிகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. பாத்ரூமில் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொன்னதும் மனநல உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பினார். 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை. கடிகாரம் வரையச் சொன்னார்கள், ஐந்து சொல்லைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்கள். 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 93, 86... அதற்குமேல் கணக்கு வராமல் இல்லை, எத்தனையைக் கழிக்கிறோம் என்பதே மறந்துபோனது. ஐந்து சொல்லில் இரண்டுதான் தேறியது. மொத்தம் 21. 26 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நார்மல் என்பார்களாம். வெட்கமாகவும் இருந்தது, ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. சோம்பேறித்தனம் இல்லை, கிறுக்கும் இல்லை. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது.

அந்த மேடம் சொன்னதில் எனக்கு உறைத்தது இரண்டு. குழாய் வெடித்த இடம், திட்டமிடுவதற்கும் ஞாபகத்துக்கும் வேண்டிய பகுதிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் முதல் வேலை நழுவும். இன்னொன்று, களைப்பு வந்த பிறகு ஓய்வெடுத்துப் பிரயோஜனம் இல்லை, வருவதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். இது சாதாரணக் களைப்பு இல்லை. மதியம் இரண்டு மணிக்குமேல் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும், அர்த்தம் வந்து சேராது.

முதலாளியிடம் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் வைத்தேன். மறைத்து ஓட்டலாம் என்றுதான் மச்சான் சொன்னான். 40 பெட்டிக்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? முதல் இரண்டு மாதம் தினமும் மூன்று மணி நேரம், பாதிச் சம்பளம், ஒரே ஒரு பையர் என்று பேசி முடித்தோம். அவர் நல்ல மனுஷன், ஒத்துக்கொண்டார். வேண்டாம் என்றிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தால் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது, ஆனால் அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு நோய்க்கால உதவியாக வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். என் சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியதால் எனக்கு அதுவும் இல்லை. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

வேலை செய்யும் விதத்தை மாற்றியதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. 40 பக்க நோட்டு ஒன்று, ஆர்டருக்கு ஒரு பக்கம். போன் வந்தால் முதலில் பேனாவால் நான் நிற்கிற வரியில் கோடு, அப்புறம்தான் ஹலோ. ரேஷியோ எழுதினால் எதிரில் இருப்பவரை உரக்கப் படிக்கச் சொல்வேன். தையல் செக்‌ஷன் பக்கத்திலிருந்து மேஜையை சாம்பிள் ரூமுக்கு மாற்றிக்கொண்டேன். பதினொன்றரைக்கு, தூக்கம் வருகிறதோ இல்லையோ, துணி ரோல்களுக்குப் பின்னால் 20 நிமிடம் கண்ணை மூடிப் படுப்பேன். முதலில் பையன்கள் சிரித்தார்கள். இப்போது அந்த நேரத்துக்கு லைட்டை அணைப்பதே அவர்கள்தான்.

பத்து மாதம் கழித்து முழு நேரம் வந்தேன். முன்பு ஐந்து பையர் பார்த்தேன், இப்போது இரண்டு. மற்ற மூன்றையும் நான் பழக்கிவிட்ட பையன் பார்க்கிறான், என்னைவிட வேகம். அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. போன வாரம் பேக்கிங் அக்கா வாசலில் நின்று ரேஷியோ கேட்டார். எனக்கு ஞாபகம் இருந்தது. "இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு நோட்டைத் தேடினேன்.