புனித வாரக் குறிப்புகள்

ஏப்ரல் 13, 2025, குருத்து ஞாயிறு

வருஷா வருஷம் இன்றைக்கு இரண்டாம் வாசகம் பிலிப்பியர் 2தான். கடவுள் வடிவில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார் என்ற பகுதி. குருத்தோலையோடு நிற்கையில் எனக்கு ஆண்டவர் ஏறி வந்த கழுதையைவிட, கிறிஸ்தவரானதற்காகக் கொல்லப்பட்ட எங்கள் புனிதர் தேவசகாயத்தை ஏற்றிக்கொண்டு போன எருமைதான் கண்ணுக்குள் நின்றது. குமரி மாவட்டத்தில் பிறந்தவனுக்கு அப்படித்தான் வரும். அரண்மனையில் உத்தியோகம் பார்த்த மனிதரை, கழுத்தில் எருக்கம்பூ மாலையோடு, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

ஏப்ரல் 15

அவர் கதையில் என்னை எப்போதும் பிடித்து நிறுத்துவது தொடக்கம்தான். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, அதுதான் தேவசகாயத்தின் பழைய பெயர். ஆடு மாடு செத்து, பயிர் போய், மனம் நொந்து கிடந்தவரிடம் டிலனாய் (1741 குளச்சல் போரில் பிடிபட்டு, அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக்காரர்) யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். யோபு நூலில் துன்பத்துக்குக் காரணம் யோபுவுக்குக் கடைசி வரை சொல்லப்படுவதே இல்லை, ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள்தான் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கடவுளிடம் திட்டு வாங்குகிறார்கள். அதைக் கேட்டுத்தான் இவர் மனம் திரும்பியது. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1749இல் கைது, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியதும் அவர் மேல் கோபத்துக்கு ஒரு காரணம். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தபோது பெயரில் பிள்ளை இல்லை, முன்பே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன், இரவு

பாதம் கழுவும் சடங்கு முடிந்து வந்து அம்மாவின் காலுக்குக் கட்டு மாற்றினேன். சர்க்கரைப் புண், குதிகாலில். பழைய துணி ஒட்டிக்கொண்டிருக்கும், உப்புத் தண்ணீரை விட்டு ஊறவைத்துத்தான் மெல்ல எடுக்க வேண்டும். முதலில் காலைத் தொடவே விடமாட்டார்கள், “நீ போய் இதெல்லாம் செய்யணுமா மக்களே” என்று இழுத்துக்கொள்வார்கள். பேதுருவும் ஆண்டவரிடம் அதைத்தானே சொன்னார், என் காலை நீர் கழுவவே கூடாது என்று. கழுவுவதற்குக் குனிவதைவிட, காலை நீட்டிக்கொண்டு உட்காருவதற்குத்தான் அதிகத் தாழ்ச்சி வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

செய்தியில் பார்த்தேன், போப் பிரான்சிஸ் இன்று ரோமில் ரெஜினா கோயலி சிறைக்குப் போயிருக்கிறார். போன வருஷம் ரெபிபியா சிறையில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே 12 பெண்களின் பாதம் கழுவியவர். இந்த வருஷம் நிமோனியாவால் ஒரு மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் கிடந்து, மார்ச் 23 அன்றுதான் வெளியே வந்தார். இம்முறை என்னால் பாதம் கழுவ முடியாது, ஆனாலும் உங்கள் பக்கத்தில் இருக்க வந்தேன் என்ற மாதிரிச் சொல்லியிருக்கிறார். முடியாது என்று கைதிகள் முன்னால் சொல்வதற்காகவே ஒருவர் அவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

காலையில் சிலுவைப்பாதை முடிந்து ஒரு அக்கா வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவின் காலைப் பார்த்ததும், “எல்லாத்தையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கம்மா” என்றார்கள், வலியையே ஜெபமாகக் கொடுத்துவிடச் சொல்வது அது. நல்ல மனசோடுதான் சொன்னார்கள், ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வலி இல்லாதவர் வலிக்கிறவரிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? கெத்சமனியில் ஆண்டவரே இந்தக் கிண்ணம் என்னைவிட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் கேட்டார். துன்பம் தன்னால் யாரையும் மீட்பதில்லை, அதற்குள் அன்பு இருந்தால்தான் உண்டு, அந்த அன்பை அடுத்தவர் வந்து கட்டளையிட முடியாது.

போப் இரண்டாம் ஜான் பால் 1984இல் துன்பத்தைப் பற்றி எழுதிய மடலை மத்தியானம் மறுபடி எடுத்தேன். துன்பத்தால் நன்மை செய்வது, துன்பப்படுகிறவருக்கு நன்மை செய்வது, இரண்டையும் கிறிஸ்து கற்றுக்கொடுத்தார் என்று கடைசிப் பக்கங்களில் எழுதுகிறார். முதலாவது அம்மாவின் கையில், இரண்டாவது என் கையில்.

மூன்று மணி வழிபாட்டுக்குக் கிளம்பும்போது அம்மா தானாகவே சொன்னார்கள், பக்கத்து வீட்டுப் பையனுக்கு டயாலிசிஸ் நடக்கிறதே, ராத்திரி வலிக்கும்போதெல்லாம் அவனுக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். பதில் சொல்லாமல், ஆட்டோ வந்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னார்கள்.